விருந்தாளிப் பறவைகளுக்கு ஒரு வீடு
ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் சொல்லும் பாடம்

கார்த்திகை மாதத்து விடியற்காலை. வில்லியனூருக்கு அப்பால், ஊசுட்டேரிக் கரையில் பனி இன்னும் கலையவில்லை. கோரைப் புல்லின் ஓரத்தில் வக்கா ஒன்று, இரவுக் காவல் முடித்த கிழவனைப் போலக் கழுத்தை இடுக்கிக்கொண்டு தூங்கி வழிகிறது. ஏரியின் நடுவே கறுப்பாகச் சில புள்ளிகள். வெளிச்சம் ஏற ஏற அந்தப் புள்ளிகளுக்குக் கழுத்து முளைக்கிறது, அலகு முளைக்கிறது. நெற்றியில் வெள்ளை நாமம் இட்டுக்கொண்ட நாமக்கோழிகள். வால் ஊசிபோல நீண்ட வாத்துகள். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் தீட்டிய நீலச்சிறகிகள். நூற்றுக்கணக்கில் மிதக்கின்றன. பாதிக்கு மேல் உறங்குகின்றன.

அந்த நேரம் பார்த்துக் கரைமேல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. இரண்டு வாலிபர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் காமிராவைக் கண்ணில் வைத்துக்கொள்கிறார். மற்றவர் ஓங்கிக் கையைத் தட்டுகிறார். பறவைகள் பறப்பதுபோல் படம் வேண்டுமாம்!

மறு நொடி ஏரியே எழுந்து ஆகாயத்துக்குப் போனதுபோல் இருக்கிறது. படம் கிடைத்துவிட்டது. இரண்டே நிமிஷத்தில் வண்டியும் போய்விட்டது. பறவைகள் மட்டும் வட்டமிட்டு வட்டமிட்டு, இறங்க இடம் தேடி, கால் மணி நேரத்துக்குப் பிறகே தண்ணீரைத் தொடுகின்றன.

அந்த வாலிபர்கள் கெட்டவர்கள் அல்லர். பறவைமேல் ஆசை இருந்ததால்தான் அந்தக் குளிரில் எழுந்து வந்தார்கள். ஆசையோடு வருகிறவனால்தான் பறவைக்கு ஆபத்து என்றால், அந்த ஆசைக்கு ஓர் ஒழுங்கு கற்பிக்க வேண்டும். இயற்கை நிலையம் என்ற ஒன்று வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

பகலில் படுக்கை அறை

கையைத் தட்டினால் பறவைக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும்.

ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இரவில் உழைக்கிற சாதி. பொழுது சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, சுற்றுப்புறத்து நெல் வயல்களிலும் சேற்று நிலங்களிலும் இறங்கி மேயும். விடிவதற்குள் ஏரிக்குத் திரும்பும். ஆகவே பகல் நேரத்து ஏரி அவற்றுக்குப் படுக்கை அறை. ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளி உறங்கும் அறைக்குள் நுழைந்து கையைத் தட்டுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

அதோடு, இந்த விருந்தாளிகள் சும்மா உண்டு களித்துப் போக வந்தவர்களும் அல்லர். அரைக் கிலோ எடைகூட இல்லாத நீலச்சிறகி, ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் உள்ள புல்வெளி நீர்நிலைகளிலிருந்து புறப்பட்டு வருகிறது. பொறி உள்ளான் என்னும் சின்னப் பறவையின் எடை சுமார் 60 கிராம். ஒரு கோழி முட்டையின் எடைதான்! அது வடக்கே பனிப்பிரதேசத்தின் விளிம்பில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்துக்கு இப்பால் வந்து நம் சேற்றில் நடை பழகுகிறது. பங்குனி வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பிரயாணத்துக்கு எண்ணெய் ஊற்றுவது எங்கே? இங்கேதான். உடம்பில் சேரும் கொழுப்புத்தான் அவற்றின் பெட்ரோல். நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகளில் சில, கிளம்புமுன் தம் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்கின்றன. வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பில் கை வைத்தது ஆகும்.

சேமிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022-ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட மூக்கன் வகைப் பறவை ஒன்று, பிறந்து சில மாதங்களே ஆன குஞ்சு, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவை அடைந்தது. வழியில் உணவு இல்லை, தண்ணீர் இல்லை, உறங்கக் கிளை இல்லை. உடம்போடு கொண்டுபோனதுதான் கட்டுச்சோறு.

ஈட்டி குத்திய நாரை

பறவைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது ஐரோப்பியர்களுக்கு நெடுங்காலம் புரியாத புதிராக இருந்தது. குளத்துச் சேற்றுக்குள் புதைந்து உறங்குகின்றன என்றுகூடப் படித்தவர்களே எழுதினார்கள். 1822-ல் ஜெர்மனியில் ஒரு வெள்ளை நாரை அகப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க நாட்டு ஈட்டி ஒன்று குத்தியபடியே இருந்தது! ஈட்டியோடு கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்திருந்தது அந்த நாரை. பாடம் பண்ணப்பட்ட அதன் உடல் இன்றும் ராஸ்டாக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1899-ல் டென்மார்க் நாட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு, ஈட்டிக்குப் பதிலாக ஓர் அலுமினிய வளையம் போதுமே என்று தோன்றியது. அவர் பெயர் மார்ட்டென்சன். மைனா இனத்துப் பறவைகளின் கால்களில் எண்ணும் முகவரியும் பொறித்த வளையங்களை மாட்டிப் பறக்க விட்டார். பறவை எங்கே பிடிபட்டாலும் பிடித்தவர் எழுதித் தெரிவிக்கலாம் அல்லவா? அன்று தொடங்கிய வித்தை உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் அதைப் பெரிய அளவில் நடத்தியது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1959-ல் டாக்டர் சாலிம் அலியின் தலைமையில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு வலசை ஆராய்ச்சி தொடங்கிற்று. தமிழ்நாட்டில் அதற்குப் பேர் போன இடம் கோடியக்கரை. அங்கே பறவைகளை நோகாமல் பிடித்து, வளையமிட்டு விட உதவியவர்கள் யார் தெரியுமா? பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார்கள். பரம்பரை பரம்பரையாகப் பறவை வேட்டையே தொழிலாகக் கொண்டவர்கள்! கொல்லக் கற்ற கை, கணக்கெடுக்கப் பயன்பட்டது. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஊசுட்டேரிக்கும் இது பொருந்தும்.

ஏரி என்னும் சாய்ந்த தட்டு

புதுச்சேரிப் பிரதேசத்தின் மிகப் பெரிய ஏரி ஊசுட்டேரி. நகரத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். இரண்டாவது பெரிய ஏரி தெற்கே, நெற்களஞ்சியம் என்று பேர் பெற்ற பாகூரில் இருக்கிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணியின் தண்ணீர், சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்கு வருகிறது. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பாகூரில் ஒரு பெரிய வித்யாஸ்தானம் நடந்ததையும் அதற்குக் கிராமங்கள் மானியமாக விடப்பட்டதையும் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. கல்விச்சாலைக்குச் சோறு போட்டது வயல். வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் கல்வி ஏது?

இந்த ஏரிகள் மனிதன் வெட்டியவை, நெல்லுக்காக வெட்டியவை. பறவைக்காக ஒருவரும் வெட்டவில்லை. அப்படியிருந்தும் பறவைகளுக்கு இவை ஏன் இவ்வளவு பிடித்துப்போயின?

ரகசியம் ஏரியின் அமைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஏரி ஒரு தொட்டி அல்ல. ஒரு பக்கம் சாய்ந்த தட்டு. கரைப் பக்கம் ஆழம். எதிர்ப் பக்கம் போகப் போக ஆழம் குறைந்து, முழங்கால் தண்ணீராகி, கணுக்கால் தண்ணீராகி, கடைசியில் வெறும் சேறாகிவிடும். ஆழத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளித்து மீன் பிடிக்கும். அதற்கு அடுத்து, தலையைத் தண்ணீருக்குள்ளும் வாலை வானத்துக்குமாக நிறுத்தி மேயும் வாத்துகள். அதற்கும் அப்பால் நீண்ட கால் படைத்த நாரைகளும் கொக்குகளும். நீரும் மண்ணும் சேரும் இடத்தில், விரல் நீள அலகால் சேற்றைத் துழாவும் உள்ளான்கள். ஒரே ஏரியில் நான்கு பந்தி!

இந்தப் பந்தி நாளுக்கு நாள் நகரவும் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஏரி நிரம்புகிறது. மார்கழிக்குப் பிறகு பாசனத்துக்கு மதகு திறக்கிறார்கள். தண்ணீர் இறங்க இறங்க, புதுச் சேறு தினம் ஒரு முழம் வெளியே தெரிகிறது. புதுச் சேற்றில் புதுப் புழு. வடக்கே திரும்பு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய மாசி மாதத்தில், சரியாக அப்போது, உள்ளானுக்கு இலை போடப்படுகிறது. மதகைத் திறந்த குடியானவன் தன் நாற்றைத்தான் நினைத்தான். ஆனால் அவன் கை சைபீரியப் பறவைக்கும் சோறு போட்டுவிட்டது.

இதைப் புரிந்துகொண்டால், இயற்கை நிலையத்தை எப்படி அமைப்பது என்பதில் பாதி புரிந்துவிடும். காப்பாற்ற வேண்டியது தண்ணீரை மட்டும் அல்ல. தண்ணீர் ஏறி இறங்கும் பழக்கத்தை. படகு ஓட வேண்டும் என்பதற்காக ஆண்டு முழுவதும் ஏரியை நிரப்பியே வைத்தாலும் கெடுதல். தூர் வாருகிறோம் என்று எல்லா இடத்தையும் ஒரே ஆழமாக வெட்டிவிட்டாலும் கெடுதல். சாய்ந்த தட்டு தொட்டியாகிவிடும். நான்கு பந்தியில் மூன்று பந்தி எழுந்துவிடும்.

இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு, பல இடங்களில் குடியானவர்களுக்கு ஏரியின் தயவு வேண்டியிருக்கவில்லை. மதகைக் கவனிப்பார் இல்லை. வரத்து வாய்க்காலில் புல் மண்டுகிறது. ஆனால் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடலோரக் கிராமங்களில் உப்புநீர் உள்ளே புகுகிறது. பாகூர்ப் பக்கத்தார் இதை அனுபவத்தில் அறிவார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏரிகளைப் பார்த்துக்கொள்ள விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. 1999-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் பண உதவியோடு புதுச்சேரி ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஊர்தோறும் மீண்டும் சங்கம் அமைத்ததும் இந்தக் காரணத்தால்தான். ஊர் பார்க்காத ஏரியைச் சர்க்கார் பார்த்து முடியாது.

கட்டடம் எங்கே வேண்டும்?

ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அது சுமார் 390 ஹெக்டேர். அதே ஏரியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சுமார் 332 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு 2015-ல் சரணாலயமாக்கியது. சரணாலயம் என்றால் ஜனங்கள் பார்க்க வருவார்கள். வரட்டும்; வர வேண்டும். வந்தவர்களை எங்கே நிறுத்துவது, எதைக் காட்டுவது?

நிலையம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கட்டடம். வாசலில் சிமெண்டு நாரை, உள்ளே கண்ணாடிப் பெட்டி, மாடியில் தண்ணீரைப் பார்த்த வராந்தா. வெளிநாட்டில் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் இடத்தில் பீட்டர் ஸ்காட் 1946-ல் நீர்ப்பறவை நிலையம் தொடங்கினார். காட்டு வாத்துகள் இறங்கும் வெளியின் ஓரத்தில் மறைவான பாதையும் மறைகுடில்களுமே அங்கே பிரதானம். அவர் தொடங்கிய ஸ்தாபனம் 2000-ல் லண்டன் மாநகரத்திலேயே, உபயோகம் இல்லாமல் போன நான்கு பழைய நீர்த்தேக்கங்களை மாற்றி, 40 ஹெக்டேருக்கு மேல் ஈரநிலம் படைத்துவிட்டது. அவர்கள் முதலில் திட்டமிட்டது தண்ணீரின் ஆழத்தை, அப்புறம்தான் சுவர்களை.

நம் ஊருக்கு இந்த யோசனைகளை எப்படிப் பொருத்துவது?

முதலாவது, இடம். கரைப் பக்கம் ஏற்கனவே சாலையும் நடமாட்டமும் உண்டு. அங்கே தண்ணீரும் ஆழம். மனிதன் அந்தப் பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். எதிர்ப் பக்கத்து ஆழமற்ற நீரும் சேறும் பறவைக்கே விட்ட இடம். அங்கே பாதையும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். கரை கிழக்கே இருந்தால் இன்னும் வசதி. காலைச் சூரியன் பார்ப்பவனின் முதுகுக்குப் பின்னால் நின்று, பறவையின் நிறம் முழுவதையும் காட்டிக் கொடுக்கும்.

இரண்டாவது, மறைவு. கரைமேல் நடக்கும் மனிதனின் உருவம் வானத்தை ஒட்டிக் கறுப்பாகத் தெரிவதுதான் பறவைகளை மிரள வைக்கிறது. ஆகவே கரைச் சரிவில், மேட்டுக்குக் கீழே பாதை போக வேண்டும். பாதையின் ஏரிப் பக்கம் கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ ஆள் உயரத்துக்கு. தட்டி முடியும் இடத்தில் ஒரு குடில். அதில் ஜன்னல் என்று பெரிதாக ஒன்றும் தேவை இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு நீளவாட்டில் ஒரு திறப்புப் போதும். உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஒன்று, அதற்குக் கீழே சிறு பிள்ளைகள் கண்ணுக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் வருபவருக்கு இடம் விட்டு ஒன்று. குடிலின் உட்புறம் இருட்டாக இருக்க வேண்டும். பின் சுவரில் வெளிச்சம் இருந்தால், உள்ளே அசையும் தலையெல்லாம் வெளியே தெரிந்துவிடும்.

மூன்றாவது, கண்ணாடி. கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம் பறவைக்கு எமன். வானமும் மரமும் அதில் தெரிவதைப் பார்த்து நிஜம் என்று நம்பி மோதிச் சாகும். அமெரிக்காவில் மட்டும் இப்படி ஆண்டுக்கு 36 கோடி முதல் 98 கோடிப் பறவைகள் வரை மடிவதாக 2014-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. பறவையைக் காட்டக் கட்டிய நிலையமே பறவையைக் கொன்றால் அதைவிட அவமானம் உண்டா? ஓட்டுக் கூரையும் ஆழ்ந்த தாழ்வாரமும் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிது அல்ல. வெயிலுக்கும் அதுவே நல்லது.

நான்காவது, விளக்கு. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிகின்றன என்பதை ஸ்டீபன் எம்லென் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-களில் கூரையில் செயற்கை வானம் காட்டும் மண்டபத்தில் பறவைகளை வைத்துப் பரிசோதித்து அறிந்தார். தரையில் எரியும் பெரிய விளக்குகள் அவற்றின் வழியைக் குழப்பும். ஆகவே பொழுது சாய்ந்ததும் நிலையம் இருட்டாகிவிட வேண்டும். அலங்கார விளக்கும் ஒலிபெருக்கியும் திருவிழாப் பந்தலுக்கு அழகு, ஏரிக்கரைக்கு அல்ல.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசுட்டேரியில் படகு சவாரி வந்தபோது பறவை அன்பர்கள் ஆட்சேபித்ததில் நியாயம் இருந்தது. கரையிலிருந்து மனிதன் வந்தால் பறவை நடு ஏரிக்குப் போகலாம். நடு ஏரிக்கே மனிதன் வந்தால் அது எங்கே போகும்? ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நடு ஏரி விருந்தாளிக்கு என்று விட்டுவிடுவதே மரியாதை.

பிள்ளைகள் என்ன பார்ப்பார்கள்?

மறைவாக உட்காரச் சொன்னால் பிள்ளைகளுக்கு அலுக்காதா? அலுக்காது, கையில் வேலை கொடுத்தால்.

ஒரு மண் தொட்டியில் சேறு வைத்து, அதில் மணிகளைப் புதைத்து, ஒரு பிள்ளை கையில் நீண்ட குறடும் இன்னொரு பிள்ளை கையில் குட்டைக் குறடும் மற்றொரு பிள்ளை கையில் வடிகரண்டியும் கொடுத்துப் பார்க்கலாம். நீண்டது ஆழத்தில் இருப்பதை எடுக்கும். குட்டை மேலே கிடப்பதைப் பொறுக்கும். வடிகரண்டி தண்ணீரோடு அள்ளி வடிகட்டும். கருவால் மூக்கனும், உப்புக்கொத்தியும், தட்டைவாயன் வாத்தும் ஒரே சேற்றில் சண்டை இல்லாமல் எப்படிச் சாப்பிடுகின்றன என்பது ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும்.

தரையில் ஆசியா கண்டத்தின் படம் வரைந்து, சைபீரியாவிலிருந்து ஊசுட்டேரி வரை அடி வைத்து நடக்கச் செய்யலாம். இமயமலையில் மூச்சு வாங்கட்டும்! மதகின் பக்கத்தில் ஓர் அளவுகோல் நட்டு, வாரம் ஒரு பள்ளிக்கூடம் வந்து நீர்மட்டத்தையும் பறவை எண்ணிக்கையையும் ஒரே நோட்டில் எழுதலாம். பத்து வருஷத்து நோட்டு சேர்ந்தால், அது எந்த நிபுணரின் அறிக்கைக்கும் சளைக்காது.

புதுச்சேரிப் பிள்ளைகள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு செய்தியும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சோனெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இந்தப் பக்கத்தில் தங்கிப் பறவைகளை வர்ணித்து எழுதினார். நம் காட்டுக்கோழி ஒன்றுக்கு விஞ்ஞான உலகம் அவர் பெயரையே வைத்திருக்கிறது. வரப்போரத்தில் கூவும் நம் கவுதாரிக்கு 1789-ல் ஜெர்மானிய விஞ்ஞானி க்மெலின் இட்ட லத்தீன் பெயர் ‘பாண்டிசெரியானஸ்’, அதாவது பாண்டிச்சேரிக்காரன்! உலகத்துப் பறவைப் புத்தகங்களிலெல்லாம் ஊர்ப் பெயரைச் சுமந்து செல்லும் அந்தக் கவுதாரி, பாகூர் வயல் ஓரத்துப் புதர்களில் இருக்கும் வரைதான் அந்தப் பெருமைக்கு அர்த்தம்.

ஊருக்கு என்ன லாபம்?

இவ்வளவும் சரி. ஏரியை நம்பிப் பிழைப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

வாத்துக் கறிக்கு விலை கொடுக்க ஆள் இருக்கும் வரை, வலை விரிக்கவும் ஆள் இருக்கும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தண்டனை சொல்கிறது. ஆனால் இருட்டில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் ஏரியைச் சுற்றி எத்தனை காவலர் நடக்க முடியும்? ஊரே காவலாக மாறினால்தான் உண்டு. மாறியிருக்கிறது என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன.

வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் ‘சுடக்கூடாது’ என்று கௌல் பெற்றார்கள். காரணம் வெறும் இரக்கம் மட்டும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில், பறவை மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரிஸ்ஸாவில் சில்கா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்ற கிராமம் வேட்டைக்காரர் ஊர் என்றே பேர் எடுத்திருந்தது. இன்று அதே ஆட்கள் படகைக் கழியால் ஓசையின்றித் தள்ளிக்கொண்டு போய்ப் பறவை காட்டி ஜீவனம் செய்கிறார்கள். பரத்பூரில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களே பறவைகளின் பெயர் சொல்லும் வழிகாட்டிகள்.

ஆகவே நிலையத்தில் முதல் உத்தியோகம் ஊசுட்டேரி மீனவனுக்கும், பத்துக்கண்ணுப் பக்கத்துக் குடியானவன் மகளுக்கும், நேற்று வரை வலை விரித்தவனுக்கும் போக வேண்டும். பறவை எங்கே படுக்கும், எந்தக் காற்றில் எழும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு புத்தகத்துக்குத் தெரியாது. மிர்ஷிகார்களின் கதை அதைத்தானே சொல்கிறது?

பாகூருக்கும் பங்கு உண்டு. இரவில் வாத்து மேய வயல் இல்லை என்றால் பகலில் படுக்க ஏரி இருந்து பயன் இல்லை. வயல்கள் மனைக்கட்டுகளாக மாறிக்கொண்டே போனால், சரணாலயப் பலகை மட்டும் மிஞ்சும். மதகு, வாய்க்கால், வயல் மூன்றையும் சேர்த்துக் காப்பதுதான் உண்மையான நிலையம். கரைமேல் நிற்கும் குடில் அதற்கு ஒரு திண்ணை மாதிரி.

ஏரி இரண்டு சர்க்கார்களுக்குச் சொந்தம் என்பதையும் மறப்பதற்கில்லை. ஒரு பக்கம் காவலும் மறு பக்கம் வேட்டையும் நடந்தால், அல்லது ஒருவர் தண்ணீரைக் கட்டவும் மற்றவர் திறக்கவும் முனைந்தால், இரண்டு அறிவிப்பும் காகிதத்தோடு நின்றுவிடும். காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் நீர்மட்டத்துக்கும் ஒரே குழு, ஒரே நோட்டு வேண்டும். எல்லைக்கல் மனிதனுக்குத்தான், நீலச்சிறகி அதைப் பார்த்ததே இல்லை.

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம். கீற்றுத் தட்டிக்குப் பின்னால், இருட்டுக் குடிலில், அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது அடியில் ஓர் உள்ளான் சேற்றைக் குத்திக் குத்தி மேய்கிறது. ஒரு தடவைகூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் சில நாளில் அது இமயத்தைத் தாண்ட வேண்டும், அவசரம் அதற்கு. வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சிறுமி, காலடி ஓசை கேட்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். அப்படிச் செய்யும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த நிலையம் ஒழுங்காகத்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று அப்போது சொல்லலாம்.